முப்பது பவுண்டுக்கு ஒரு குரல்

பிங்க் ஃப்ளாய்ட் இசைக்குழுவின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' பற்றிப் பேச்செடுத்தால், அட்டையில் இருக்கும் முப்பட்டகத்தையும் 'மணி' பாட்டில் கேட்கும் சில்லறைச் சத்தத்தையும்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்த ஆல்பம் என்றால் முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டுதான்: 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை'. பியானோ தொடங்குகிறது. பிறகு ஒரு பெண் குரல் வார்த்தையே இல்லாமல் கதறுகிறது, கெஞ்சுகிறது, களைத்துப்போய் முனகி ஓய்கிறது.

எண்பதுகளில் ரெக்கார்டிங் கடையில் பதிந்து வாங்கிய அறுபது நிமிட கேசட்டில்தான் இதை முதலில் கேட்டேன். அட்டையில் பாட்டுப் பெயர்கள் மட்டும் இருந்தன, அவற்றிலும் எழுத்துப்பிழை. மிச்ச டேப் வீணாகக்கூடாது என்று கடைக்காரர் போனி எம் பாட்டுகளை நிரப்பியிருந்தார். அந்தக் குரல் அடங்கி நாம் ஒரு நிலைக்கு வருவதற்குள் 'ரஸ்புடின்' குதித்துக்கொண்டு வந்துவிடும். பாடியவர் யாரென்று தெரிந்துகொள்ள எனக்குப் பல வருடங்கள் ஆயின.

அவர் பெயர் கிளேர் டோரி. 1973 ஜனவரியில், லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவுக்கு அவரை வரவழைத்தவர் ஒலிப்பொறியாளர் ஆலன் பார்சன்ஸ். அதற்கு முன் அந்தப் பாட்டில் பாடும் குரல் கிடையாது. குழுவின் கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட்டின் இசையை மேடைகளில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். சாவைப் பற்றிய பாட்டு, வார்த்தை வேண்டாம் என்று மட்டும் சொன்னார்கள். மெட்டு எதுவும் தரவில்லை. டோரி முதலில் வழக்கமான 'ஓ பேபி' பாணியில் தொடங்க, அது வேண்டாம் என்றார்கள். பிறகு தன்னை ஒரு வாத்தியமாக நினைத்துக்கொண்டு பாடினார். சில டேக்குகளில் வேலை முடிந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூலி 30 பவுண்டு. இதை எங்கே பயன்படுத்தப் போகிறார்கள் என்ற நினைப்போடுதான் வீடு திரும்பினாராம்.

அந்த ஆல்பம் 1973 தொடங்கி 1988 வரை அமெரிக்க பில்போர்டு பட்டியலில் மொத்தம் 741 வாரம் இருந்தது. பாடியவர் என்று டோரியின் பெயரை அட்டையில் போட்டிருந்தார்கள். இசையமைத்தவர் என்ற இடத்தில் ரைட் மட்டும்தான். 2004-இல் டோரி வழக்குப் போட்டார். அடுத்த வருடம் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமானது. தொகை வெளியே வரவில்லை. ரைட்டின் பெயரோடு டோரியின் பெயரும் சேர்ந்தது.

முப்பது வருடம் கழித்து வந்து பங்கு கேட்பதா என்று முணுமுணுக்கும் ஃப்ளாய்ட் ரசிகர்கள் என் நண்பர்களிலேயே உண்டு. 'மணி'யில் சாக்ஸஃபோன் வாசித்த டிக் பாரிக்கும் பங்கு கொடுப்பதா என்பார்கள். சாக்ஸஃபோனை எடுத்துவிட்டாலும் 'மணி' நிற்கும். டோரியின் குரலை எடுத்துவிட்டால் இங்கே அழகான பியானோ மட்டுமே மிஞ்சும்; அதைக் கேட்டு யாருக்கும் தொண்டை அடைக்காது. நம் கச்சேரியில் ஒருவர் கல்யாணியை அரை மணி நேரம் ஆலாபனை செய்தால், அந்த ஆலாபனை பாடியவருடையது, பின்னால் வரும் கீர்த்தனைதான் தியாகராஜருடையது. இதில் நமக்குக் குழப்பம் வந்ததே இல்லை. லண்டனில் அதைச் சொல்ல வழக்கறிஞர் தேவைப்பட்டார்.

ரைட்டின் பங்கைக் குறைத்துப் பேசவில்லை. அந்தப் பியானோ போட்ட பாதை இல்லாமல் டோரி அவ்வளவு தூரம் போயிருக்க முடியாது. இரண்டு பெயரும் வேண்டும், அவ்வளவுதான். சமரசத்துக்கு முன் அச்சான பிரதி உங்கள் அலமாரியில் இருந்தால், அந்தப் பாட்டுக்கு நேரே ரைட் மட்டும்தான் இருப்பார். பக்கத்தில் டோரி என்று நீங்களே எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.