சாதாரண தரத்தில் பஸ்கால், உயர்தரத்தில் பைத்தன்: நடுவில் விழுவது யார் வீட்டுப் பிள்ளை?

கொஞ்சம் நீளமான பதிவு. தரம் 9, 10, 11 இல் பிள்ளைகள் இருக்கும் வீட்டார் பொறுமையாக வாசியுங்கள்.

பதுளை டவுனிலும் சரி, பசறை, ஹாலிஎல, லுணுகலைப் பக்கத் தோட்டப் பாடசாலைகளிலும் சரி, சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுக்கும் பிள்ளை படிக்கும் கணினி மொழி பஸ்கால். அதே பிள்ளை உயர்தரத்துக்குப் போனால் பைத்தன். மனப்பாடம் செய்த பிகின், எண்ட், அரைப்புள்ளி எல்லாவற்றையும் பரீட்சை மண்டபத்தில் விட்டுவிட்டு, மறுபடி ஆனா ஆவன்னாவிலிருந்து தொடங்க வேண்டும். கொழும்புப் பிள்ளை விடுமுறையில் ஒரு வகுப்புக்குப் போய்ச் சமாளித்துக்கொள்ளும். தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு இந்தப் பாடமே சாதாரண தரத்தோடு முடிந்துவிடுகிறது. அவர்கள் வாழ்நாளில் தொட்ட ஒரே கணினி மொழி பஸ்கால்தான்.

"பஸ்கால் லேசு சேர், பாஸ்ட் பேப்பர் கிடக்கு, பிள்ளைகள் ஏ எடுக்குது, ஏன் கை வைக்கிறீங்க?" என்று கேட்கிறார்கள். அந்த ஏ எடுத்த பிள்ளையிடம் ஒரு கணினியைக் கொடுத்து ஒரு சின்னச் செய்நிரலை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பேப்பரில் எழுதத் தெரியும். ஓட்டிப் பார்த்ததில்லை.

பஸ்கால் கெட்ட மொழி என்று நாங்கள் சொல்லவில்லை. 1970 இல் சுவிட்சர்லாந்தின் நிக்லாஸ் விர்த், மாணவருக்குக் கற்பிக்கவென்றே செய்த ஒழுங்கான மொழி. ஆனால் அந்த மூலப் பஸ்காலில் முழுச் செய்நிரலையும் ஒரே துண்டாகத்தான் எழுத வேண்டும். இந்தக் குறையைத் தீர்க்கப் புறப்பட்டவரும் விர்த்தேதான். 1970களின் கடைசியில் மொடியூலா-2 என்று அடுத்த மொழியைச் செய்தார். பெயரிலேயே மொடியூல் இருக்கிறது. பிறகு ஒபரோன். ஆக்கியவரே தாண்டிப் போன இடத்தில் நாங்கள் பாய் விரித்துப் படுத்திருக்கிறோம்.

மொடியூல் என்றால் என்ன என்று கேட்கும் பெற்றோர், கொழுந்துக் கணக்கை நினைத்துப் பாருங்கள். கொழுந்து நிறுப்பது ஒரு வேலை. நோம் கிலோ வந்ததா, முழுப் பேரா அரைப் பேரா என்று பார்ப்பது இன்னொன்று. மாதக் கடைசியில் ஈ.பி.எஃப். கழித்துச் சம்பளம் போடுவது மூன்றாவது. பைத்தனில் இதை மூன்று பிள்ளைகள் மூன்று கோப்புகளாக எழுதலாம். ஒருவர் எழுதியதை மற்றவர் இம்போர்ட் என்ற ஒரு சொல்லால் எடுத்துக்கொள்ளலாம். நாட்சம்பளம் மாறினால் (அது மாற எத்தனை போராட்டம் என்பது வேறு கதை) ஒரு கோப்பைத் திருத்தினால் போதும், தராசுக் கணக்கைத் தொடவே தேவையில்லை. உலகத்தில் மென்பொருள் வேலை இப்படித்தான் நடக்கிறது. எங்கள் பிள்ளைகளோ ஒவ்வொருவரும் தனித்தனியாக, ஆரம்பத்திலிருந்து, கொப்பியில் எழுதுகிறார்கள்.

இன்னொரு விசயத்தை யாரும் பேசுவதே இல்லை. பைத்தன் 3 இல் மாறிக்குத் தமிழில் பெயர் வைக்கலாம். கொழுந்து = 22 என்று எழுதினால் கணினி மறுக்காது. கட்டளைச் சொற்கள் ஆங்கிலம்தான். ஆனாலும் தமிழ் மொழிமூலப் பிள்ளைக்குப் பாதிப் பயம் அந்த ஒரு வரியிலேயே போய்விடும்.

ஆகவே சாதாரண தரத்திலும் பைத்தன் வேண்டும். பாடப்புத்தகம் தமிழில் அதே வருடம் கைக்கு வரவேண்டும், ஆசிரியர் பயிற்சியும் தமிழில் நடக்க வேண்டும். இல்லாவிட்டால் கொப்பியில் எழுதிய பஸ்காலுக்குப் பதில் கொப்பியில் எழுதிய பைத்தன், அவ்வளவுதான்.

பேப்பரில் பஸ்கால் வரும்வரை பஸ்காலும் படிப்பிப்போம். பாய்ச்சற்கோட்டுப் படமும் போலிக்குறிமுறையும் இரண்டுக்கும் ஒன்றுதான், யாருடைய புள்ளியும் குறையாது.

பள்ளிவாசல் நிர்வாகத்தினரே, பழைய மாணவர் சங்கத்தினரே, கட்டாரிலிருந்து நானாமார் அனுப்பும் காசில் இன்னொரு வளைவு கட்ட வேண்டாம். வாப்பாமார் மகனின் போனில் பைட்ராய்ட் போட்டுக் கொடுங்கள். ஒருமுறை இறக்கிவிட்டால் சிக்னல் இல்லாத லயத்திலும் பைத்தன் ஓடும்.

அடுத்த தவணை விடுமுறையில் மூன்று நாள் வகுப்பு வைக்கிறோம். எந்த மதப் பிள்ளையும் வரலாம், காசு இல்லை. வீட்டில் சும்மா கிடக்கும் லெப்டொப் இருந்தால் தாருங்கள். தயவுசெய்து சார்ஜரோடு. சார்ஜர் இல்லாதவை ஏற்கனவே அலுமாரி நிறையக் கிடக்கின்றன.