பழைய பைக் திணறுதா? கார்புரேட்டரை மாத்துறதுக்கு முன்னாடி பெட்ரோலைப் பாருங்க!

கிள்ளை, முடசலோடை, பிச்சாவரம் பக்கம் பழைய ஸ்ப்ளெண்டர்களும் எக்ஸ்எல்-களும் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபோது புது பைக்குகள் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. பழைய வண்டிகளில் இன்னும் கார்புரேட்டர்தான்.

ஏன் திணறுது?

இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20% எத்தனால் கலந்த இ20. எத்தனால் ஈரத்தை இழுக்கும். காற்றிலேயே ஈரம் நிற்கிற கடலோர ஊரில், நாள்கணக்கில் நிறுத்திய வண்டிக்கு இது ஆகாது. தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். துரு பிடிக்கும், ஜெட் அடைக்கும்.

என்ன பண்ணலாம்?

இன்ஜின் ஆறியதும் பெட்ரோல் டேப்பை மூடுங்க. கார்புரேட்டர் அடியில் இருக்கிற ட்ரெய்ன் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கண்ணாடி பாட்டிலில் பிடிங்க. பக்கத்தில் நெருப்பு கூடாது. அடியில் தனியா ஒரு படலமோ துருவோ தெரிந்தால் டேங்க்கையும் கழுவணும். ஜெட்டைக் கம்பியால் குத்தாதீங்க, துளை பெரிசாகிடும். பெட்ரோல் சுத்தமா இருந்தால் ஏர் ஃபில்டர், பிளக்கைப் பாருங்க.

யார் பொறுப்பு?

பழைய வண்டிகளுக்காக இ10 தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. இ20-ஐ எதிர்த்த மனுவை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதனால் அந்தப் பரிந்துரை தேவையற்றதாகிவிடாது. எத்தனால் கலப்பதால் கரும்பு விவசாயிக்கு லாபம், நல்லதுதான். அதற்கான மெக்கானிக் செலவைப் பழைய வண்டிக்காரர் மட்டும் ஏன் சுமக்கணும்? ஊருக்கு ஒரு பங்க்கிலாவது இ10 வேண்டும்.