நிரல் எழுத எந்த எடிட்டர்?

நிரல் எழுதுவோரிடையே தீராத வழக்கு ஒன்று உண்டு: வி.ஐ.யா, ஈமேக்ஸா? இரண்டுமே 1976-ல் அமெரிக்காவில் பிறந்த எடிட்டர்கள். எழுத்துகளைத் தவிர, அலங்காரம் எதையும் கோப்பில் சேர்க்காதவை.

பெர்க்லியில் பில் ஜாய் வி.ஐ.யை எழுதியபோது அவரிடமிருந்த மோடம் நொடிக்கு 30 எழுத்துகளையே கொண்டுவந்தது. திரை நிரம்பவே ஒரு நிமிடம். அதனால் கட்டளைகள் சுருங்கின. எக்ஸ் அழுத்தினால் ஓர் எழுத்து காலி. டி இருமுறை அழுத்தினால் வரியே காலி. எம்.ஐ.டி.யில் ரிச்சர்ட் ஸ்டால்மன் முன்னின்று உருவாக்கிய ஈமேக்ஸ் வேறு வகை. பயன்படுத்துபவரே விருப்பப்படி மாற்றி அமைக்கலாம். ஆனால் இரண்டு மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தி விரல்கள் நோகும்.

புதியவர்களுக்கு எளிது, மைக்ரோசாஃப்ட் 2015-ல் வெளியிட்ட வி.எஸ். கோட். தட்டச்சு செய்யும்போதே பிழையைச் சுட்டிக்காட்டும். நினைவகத்தைத்தான் அதிகம் விழுங்கும்.

நிறுவனத்தை நம்பிய எடிட்டருக்கு ஆயுள் நிச்சயமில்லை. கிட்ஹப் 2014-ல் தந்த 'ஆட்டம்' பலருக்குப் பிடித்திருந்தது. 2018-ல் கிட்ஹப்பை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2022 டிசம்பரில் ஆட்டம் கைவிடப்பட்டது. பழகியவர்கள் வேறிடம் தேடினார்கள். மாறாக, வி.ஐ.யின் வாரிசான விம்மை 1991-ல் வெளியிட்ட பிராம் மோலனார் 2023-ல் காலமானார். தன்னார்வலர்கள் விம்மைத் தொடர்கிறார்கள்.

ஆட்டத்தில் எழுதிய கோப்புகளுக்கு ஆபத்தில்லை. வெறும் எழுத்துக் கோப்பை எந்த எடிட்டரும் திறக்கும். எனவே வி.எஸ். கோடில் தொடங்குவதில் தவறில்லை. கூடவே வி.ஐ.யின் பத்துக் கட்டளைகளையும் பழகிக்கொள்ளுங்கள். நடு இரவில் எங்கோ இருக்கும் சர்வரில் ஒரு வரியைத் திருத்த அவைதான் கைகொடுக்கும்.