சந்தாவை உயர்த்துமுன்

வீட்டு இணையம் மந்தமாகிவிட்டதென்று புகார் செய்தால், கோளாறு எவ்விடத்தில் என்று விசாரிப்பதற்கு முன்பே, பெரிய பிளானுக்கு மாறிக்கொள்ளும்படி சிபாரிசு செய்கிறார்கள். வியாபாரமென்று ஒப்புக்கொண்டு செய்தாலாவது சகித்துக்கொள்ளலாம், சேவையென்ற பெயரில் செய்வதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

சென்ற வருஷம் நானும் அந்தச் சிபாரிசுக்கு வசப்பட்டு, 100 மெகாபிட் சந்தாவை 200-ஆக உயர்த்திப் பணமும் கட்டிவிட்டுப் பார்த்தபோது, பின்கட்டு அறையில் பேரனுடைய ஆன்லைன் வகுப்பு முன்போலவே சுற்றிச் சுற்றி நின்றுகொண்டிருந்தது. அதன் பிறகே புத்தி வந்து, மடிக்கணினியை ரவுட்டரருகே கொண்டுபோய், வைஃபையை அணைத்து, லேன் கேபிளைச் செருகி அளந்தேன். காலையில் 94, ஊரெல்லாம் சினிமா பார்க்கும் இரவு ஒன்பது மணிக்கும் அதே 94. வெளியிலிருந்து வரும் நெரிசலானால் எண் ஏறி இறங்கியிருக்கும். நூற்றுக்குச் சற்றுக் கீழே இப்படி அசையாமல் நின்றதன் காரணம், அவர்களே தந்த ரவுட்டரின் துளைகள் நூற்றுக்குமேல் தாங்காத பழைய ரகமாயிருந்தமைதான். 200-க்குக் கட்டிய பணம் வீட்டு வாசலைத் தாண்டவேயில்லை!

(100 மெகாபிட் என்பது விநாடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட்தான், எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதை மறந்துவிட்டு, ஏமாற்றப்பட்டதாகக் கொதிப்பவர்களும் உண்டு.)

ஆனால் வகுப்புக்கு அந்த 94-இல் ஒரு மூலை போதுமே! அதே மணியில் பின்கட்டில் வைஃபையை அளந்தால் 6. ஆளனுப்பி மாட்டியபோது, கேபிள் எட்டிய இடமே போதுமென்று ரவுட்டரை ஃபிரிட்ஜுக்குப் பின்னால் வைத்துப் போயிருந்தார்கள். 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு இரண்டு செங்கற்சுவர்களைக் கடக்கும் சக்தி குறைவு, 2.4 கடக்குமென்றாலும், அங்கே அண்டை வீட்டு ரவுட்டர்களும் மைக்ரோவேவ் அடுப்பும் ஒரே சந்தடி. ரவுட்டரைக் கூடத்து அலமாரியின் உச்சிக்கு மாற்றியதும் பின்கட்டில் 40 வந்தது.

கம்பியில் எவ்வளவு, கடைசி அறையில் எவ்வளவு என்று இரண்டு எண்களை அளந்து, ரசீதில் எழுதிக் கையெழுத்திடும்படி இணைப்புக் கொடுப்பவரை நிர்ப்பந்திக்க வேண்டுமென்பது என் அபிப்பிராயம். பிராட்பேண்டென்று சொல்ல 2 மெகாபிட் போதுமென 2023-இல் அரசு வகுத்த வரையறையை வைத்துக்கொண்டு, விளம்பரத்திலுள்ள ‘வரை’ என்ற சொல்லோடு நம்மால் மல்லுக்கட்ட முடியாது.

சந்தாவை மறுபடி 100-க்கு இறக்கச் சொன்னபோது, கஸ்டமர் கேர் பெண்மணி மிக்க மரியாதையுடன் கேட்டார்: "ஏன் சார், ஸ்பீட் போதலையா?"