குழந்தைகளுக்கு எழுத்தறிவித்தல்

மூன்று வயது நிரம்பியதும் நிரம்பாததுமான குழந்தைகள் முதுகில் பையைச் சுமந்துகொண்டு, காலையில் வண்டியேறி, ஆங்கில நர்ஸரிப் பாடசாலைகளுக்குச் செல்வதைக் கடலூரிலும் சிதம்பரத்திலும் இன்று தினந்தோறும் காணலாம். அங்கே அவர்கள் கையில் பென்ஸில் கொடுக்கப்படுகிறது. கோடிட்ட நோட்டுப் புத்தகத்தில் ஒரே எழுத்தைப் பக்கம் பக்கமாக எழுதி வரவேண்டுமென்று வீட்டுப் பாடமும் விதிக்கப்படுகிறது. சோறுண்ணும்போதே தூங்கிவிடும் பருவத்தில் உள்ள குழந்தையை மடியில் இருத்தி, அதன் கையைப் பிடித்து, தாயார் அந்தப் பக்கத்தை நிரப்பி முடிக்கிறாள். இதைக் கல்வி என்று பெற்றோர் நம்புகிறார்கள். அதற்காகக் கடன் பட்டும் சம்பளம் கட்டுகிறார்கள். இது பெண்டிர் காரியமென்றும் உபாத்தியாயர் காரியமென்றும் கருதி நமது தேசத் தொண்டர்கள் இதில் புத்தி செலுத்தாதிருக்கிறார்கள். ஒரு ஜன சமூகம் தன் குழந்தைகளுக்கு முதலெழுத்தை எவ்விதம் கற்பிக்கிறது என்பதைக் காட்டிலும் பெரிய தேச காரியம் வேறு யாதென்று நாம் கேட்கிறோம்.

நமது அபிப்பிராயத்தைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை, எழுத்தை முதலில் மணலிலும் களிமண்ணிலும் ஓலையிலும் தன் விரலால் தொட்டு அறிய வேண்டும். பென்ஸிலும் காகிதமும் அதற்குப் பின்னரே வரவேண்டும். முதலில் அறியும் எழுத்து அதன் தாய்மொழி எழுத்தாயிருக்க வேண்டும். இதற்குரிய இடம் ஒவ்வொரு தெருவுக்கும் அருகிலுள்ள அங்கன்வாடி. அந்த அங்கன்வாடிக் கல்வி சர்க்காரின் தயவாக இல்லாமல் குழந்தையின் உரிமையாக ஆகவேண்டும்.

மணலில் எழுதுவது நமக்குப் புதிய வித்தையன்று. 1822-இல் சென்னைக் கவர்னர் தாமஸ் மன்றோ, தமது மாகாணத்திலுள்ள சுதேசப் பாடசாலைகளைப் பற்றிக் கலெக்டர்களிடம் விவரம் கேட்டார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி 12,498 பாடசாலைகள் இருந்தன. அப்போதைய மாகாண ஜனத்தொகை ஒரு கோடியே இருபத்தெட்டு லட்சத்துச் சொச்சம். பெல்லாரிக் கலெக்டராயிருந்த காம்பெல் 1823-இல் எழுதிய அறிக்கையில், பிள்ளைகள் ஐந்தாம் வயதில் பள்ளியில் சேர்க்கப்படுவதையும், தட்டில் பரப்பிய அரிசியில் குழந்தையின் விரலைப் பிடித்து எழுதுவிப்பதையும், பிறகு மணலில் விரலால் எழுதிப் பழகுவதையும் வர்ணித்திருக்கிறார். தேசம் வறுமைப்பட்டு வருவதனாலேயே இப்பள்ளிகள் நசிக்கின்றன என்றும் அந்த ஆங்கிலேய உத்தியோகஸ்தரே எழுதியிருக்கிறார்.

இதற்கு முன்பே, சென்னை எழும்பூர் அநாதைப் பிள்ளைகள் விடுதியின் மேற்பார்வையை 1789-இல் ஏற்ற பாதிரியார் ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளிச் சிறுவர்கள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தம் விடுதியில் அதைக் கையாண்டார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகமும் வெளியிட்டார். அங்கே அதற்குச் சென்னை முறை என்றே பெயர் வழங்கிற்று. 1907-இல் ரோமாபுரியின் ஏழைக் குடியிருப்பொன்றில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிஸோரி அம்மையார், உப்புத் தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துக்களை விரலால் தடவச் செய்து எழுதப் பழக்கினார். 1939-இல் அவர் அடையாற்றுக்கு வந்தார். யுத்தம் மூண்டதனால் 1946 வரை இந்த நாட்டிலேயே தங்கி ஏராளமான உபாத்தியாயர்களைப் பழக்கினார். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததென்று நாம் சொல்லவரவில்லை. விரல் முதலில் உணரவேண்டும், பிறகு எழுதவேண்டும் என்ற ஒரே உண்மையைத் திண்ணைப் பள்ளி வாத்தியாரும் இத்தாலிய வைத்தியரும் தனித்தனியே கண்டார்கள் என்பதே நாம் கவனிக்கத்தக்கது. ஐந்தாம் வயதில் மணலில் தொடங்கிய நாம், இன்று மூன்றாம் வயதில் நோட்டுப் புத்தகத்தில் தொடங்குகிறோம். இதை அபிவிருத்தி என்று எப்படிச் சொல்வது?

காந்தியடிகளும் தமது சுயசரிதையில், தம் கையெழுத்து நன்றாக அமையாததைக் குறித்து வருந்தி, குழந்தைகளுக்கு எழுதக் கற்பிக்கும் முன் சித்திரம் வரையக் கற்பிக்க வேண்டுமென்றும், பூவையும் பறவையையும் பார்த்து அறிவது போலவே எழுத்தையும் முதலில் பார்த்து அறியவேண்டுமென்றும் யோசனை கூறியிருக்கிறார். இதற்குச் சரீர சாஸ்திரமும் அநுகூலமாயிருக்கிறது. குழந்தையின் மணிக்கட்டிலுள்ள சிற்றெலும்புகள் முற்றுவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். பென்ஸிலை மூன்று விரல்களால் பிடித்து அழுத்தும் வலிமை, பிசைவதாலும் உருட்டுவதாலும் கிழிப்பதாலும் கோப்பதாலும் சிறிது சிறிதாக வருவது.

இது நிற்க. செய்யவேண்டியது என்ன என்று கேட்பவர்களுக்குச் சில முறைகளை இங்கே கூறுவோம். இவற்றுள் எதற்கும் கடையில் விலை கொடுத்து வாங்கும் பிளாஸ்டிக் எழுத்துப் பெட்டி வேண்டியதில்லை.

முதலாவது மணல் தட்டு. தேவனாம்பட்டினத்துக் கடல் மணலானால் நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசி, சலித்து, வெயிலில் உலர்த்திக்கொள்ள வேண்டும். விளிம்புள்ள தட்டில் ஒரு விரற்கடை உயரம் பரப்பினால் போதும். உபாத்தியாயினி எழுத்தின் ஒலியைச் சொல்லிக்கொண்டே எழுதிக் காட்ட, குழந்தையும் அவ்வொலியைச் சொல்லிக்கொண்டே அதன்மேல் விரலை ஓட்டவேண்டும். தவறினால் தட்டைக் குலுக்கினால் மறைந்துவிடும். நோட்டுப் புத்தகத்திலோ தவறு சிவப்பு மையுடன் நிலைத்து நின்று குழந்தையைப் பயமுறுத்துகிறது.

இரண்டாவது ஓலை. அகரவரிசை காதுக்கு ஏற்ற வரிசை. பாடிப் பழகுவதற்கு அது மிகவும் நல்லது. ஆனால் கைக்கு அது கடினம். முதலில் நிற்கும் அகரமே சுழியும் வளைவும் நேர்கோடும் கலந்தது. ஆகையால் கைக்கு ட, ப, ம என்னும் எழுத்துக்களில் தொடங்குவது நலம். முதல் வகுப்புத் தமிழ்ப் பாடநூல்களிலும் இம்முறை கையாளப்பட்டதுண்டு. பனையோலைக் கீற்றொன்றை ஒரு முறை மடித்தால் ட ஆகிறது. இரு முறை மடித்தால் ப ஆகிறது. பகரத்தின் வலப்பக்கத்தை நீளமாக விட்டு உள்நோக்கி வளைத்தால் ம ஆகிறது. மகரத்தின் தலையில் ஒரு புளியங்கொட்டையை வைத்தால் அதுவே புள்ளி. ஓலைகளை வரிசையாக வைத்தால் படம் என்றும் மடம் என்றும் இரண்டு சொற்கள் கிடைக்கின்றன; டகரத்துக்கும் ஒரு புளியங்கொட்டை வைத்தால் பட்டமும் மட்டமும் சேர்ந்துகொள்ளும். மூன்று எழுத்தும் இரண்டு விதையும் கொண்டு நான்கு சொற்களை ஆக்கிய குழந்தை, எழுத்தென்பது சொல்லை ஆக்கும் கருவி என்பதை ஒருவரும் சொல்லாமலே தெரிந்துகொள்கிறது.

மூன்றாவது களிமண். பண்ருட்டியிலும் கடலூர் வண்டிப்பாளையத்திலும் கொலுப் பொம்மை செய்யும் கைத்தொழில் உண்டு. குயவரிடம் கேட்டால் பிசைந்த மண் கிடைக்கும். அதைத் திரியாக உருட்டி, தரையில் சுண்ணக்கட்டியால் எழுதிய எழுத்தின்மீது வளைத்து வைக்கச் செய்யலாம். உலர்ந்த பின் வர்ணம் தீட்டலாம். ககரத்தின் வளைவு கண்ணுக்கு முன்பாகக் கைக்குத் தெரிந்துவிடும்.

நான்காவது கயிறும் கோலமும். அட்டையின் மேல் தென்னங்கயிற்றை எழுத்து வடிவில் ஒட்டினால் தடவிப் பார்க்கும் எழுத்து ஆயிற்று. மாண்டிஸோரி அம்மையாரின் உப்புத் தாளுக்கு இது குறைந்ததன்று. வாசலில் புள்ளி வைத்துக் கோலமிடும் நமது பெண்மக்கள் வளைகோட்டைத் தடையின்றி இழுப்பதில் தேர்ந்தவர்கள். புள்ளிகளைத் தாங்கள் வைத்து, கோட்டைக் குழந்தை இழுக்குமாறு அவர்கள் விட்டால் அதுவே எழுத்துப் பயிற்சியாகும்.

ஐந்தாவது, உயிர்மெய்க்கு உரியது. 247 எழுத்து என்று சொல்லிப் பிறரைப் பயமுறுத்துவோர் உண்டு. உண்மையில் குழந்தை அறியவேண்டிய அடிப்படை வடிவங்கள் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆக முப்பத்தொன்றே. மற்றவை காலும் கொம்பும் கொக்கியும் சுழியும் சேர்வதால் வருபவை. உகர ஊகார வரிசைகள் மட்டும் சற்றுப் பலவிதமாக மாறும்; அவற்றைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். கால், கொம்பு ஆகியவற்றைத் தனி அட்டைகளாக வெட்டி, பகரத்துக்கு அருகில் வைத்தும் எடுத்தும் காட்டினால், ப என்பது பா ஆவதும் பே ஆவதும் குழந்தைக்கு விளையாட்டாகிவிடும். இந்த உறுப்புக்களின் பெயர்களே குழந்தைக்குப் பழக்கமானவை.

படம் காட்டுவதிலும் ஊர் தெரியவேண்டும். கடலூர்ச் சீமையில் விளையாத ஆப்பிள் பழத்தைக் காட்டி முதலெழுத்தைக் கற்பிப்பதை விட, பகரத்துக்குப் பண்ருட்டிப் பலாவையும், முகரத்துக்கு முந்திரியையும், அகரத்துக்கு வேலியோரத்து அணிலையும் நேரில் காட்டுவது சிறந்தது. ஓர் எச்சரிக்கையும் இங்கே அவசியம். குன்றிமணி கொடிய விஷமுள்ளது. அழகாயிருக்கிறதென்று அதைக் குழந்தைகளிடம் கொடுத்தல் ஒருகாலும் கூடாது. எல்லாவற்றையும் வாயில் போடும் சிறு குழந்தைகள் இருக்கும் இடத்தில் புளியங்கொட்டையையும் பெரியவர் கண்பார்வையிலேயே உபயோகிக்க வேண்டும்.

பழைய திண்ணைப் பள்ளியை அப்படியே மீட்கவேண்டுமென்று நாம் சொல்வதாக எவரும் எண்ணவேண்டாம். அங்கே பிரம்பும் இருந்தது. பொருளறியா மனப்பாடமும் இருந்தது. பெண்மக்கள் அங்கே மிகச் சிலரே. தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இடமே இல்லை. சிதம்பரத்தில் 1864-இல் ஆறுமுக நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். படிப்படியாக ஏறும் பாலபாடங்களை அச்சிட்டு வழங்கியவரும் அவரே. அதே சிதம்பரத்தில் ஆலயத்தின் புறத்தே நிறுத்தப்பட்ட மக்களுக்கு 1916-இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரால் பள்ளி வைக்க நேர்ந்தது. மணல் எல்லாருக்கும் பொதுவாயினும் அதன் முன் உட்காரும் உரிமை பொதுவாயிருக்கவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ? இன்று அந்தப் பழைய பிரிவினை வேறு உருவத்தில் திரும்பி வருகிறது. பணமுள்ளோர் பிள்ளைகள் நர்ஸரிக்கும், இல்லாதோர் பிள்ளைகள் அங்கன்வாடிக்கும் செல்கிறார்கள். முன்னதில் எழுத்து மிகுதி, விளையாட்டு இல்லை. பின்னதில் சோறு உண்டு, எழுத்து அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

அங்கன்வாடி ஊழியர்மீது நாம் குறை கூறவில்லை. 1975-இல் தொடங்கிய குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் கீழ், உணவு, எடை, தடுப்பூசி, கர்ப்பிணிகளின் விவரம், கணக்கேடு யாவும் அவர் தலைமேல் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 1982-இல் விரிவான சத்துணவுத் திட்டம் ஏற்பட்டது நமக்குப் பெருமையே. வடலூரில் 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இந்த ஜில்லாவின் அடுப்பு. பசியாற்றுவதன் மகிமையை நமக்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை. ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்ற நல்ல பாடத்திட்டமும் அங்கன்வாடிகளுக்கு வகுக்கப்பட்டிருக்கிறது. 2019-இல் 2,381 அங்கன்வாடிகளில் மழலையர் வகுப்புக்கள் தொடங்கப்பட்டன. 2022-இல் எட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்காக ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. திட்டங்களுக்குக் குறைவில்லை. அவற்றைக் கேட்டுப் பெறும் உரிமையே இல்லை.

சட்டத்தைச் சற்றுக் கவனிப்போம். 1950-இல் அமலுக்கு வந்த அரசியல் சாஸனத்தின் 45-ஆவது விதி, பதினான்கு வயது முடியும் வரையில் எல்லாக் குழந்தைகளுக்கும் பத்து ஆண்டுகளுக்குள் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க ராஜ்யம் முயல வேண்டுமென்றது. அதில் மூன்று வயதுக் குழந்தையும் அடக்கம். 1993-இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, பதினான்கு வயது வரையில் கல்வி அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. ஆனால் 2002-இல் செய்யப்பட்ட 86-ஆவது திருத்தம், ஆறு வயது முதல் பதினான்கு வரையில் உள்ளோருக்கு மட்டுமே அவ்வுரிமையை வழங்கிற்று. ஆறுக்கு உட்பட்டவர்கள் நியாயஸ்தலத்தின் மூலம் அமலாக்க முடியாத கோட்பாடுகளின் பகுதியில் விடப்பட்டார்கள். 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 11-ஆவது பிரிவும், மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளின் முன்பருவக் கல்விக்குச் சர்க்கார் ஏற்பாடு ‘செய்யலாம்’ என்கிறதே தவிர, ‘செய்யவேண்டும்’ என்று சொல்லவில்லை. இந்த ஒரு வினைச்சொல்லின் இடுக்கு வழியாகத்தான் நர்ஸரி வியாபாரம் உள்ளே நுழைந்திருக்கிறது. சர்க்கார் கடமைப்படாத இடத்தில் கடைக்காரன் கடை விரிக்கிறான். பின்னதை மட்டும் கண்டிப்பதில் பயனில்லை.

ஆங்கிலம் வேண்டாமா என்று பெற்றோர் கேட்பது நமக்குத் தெரியும். ஆங்கிலம் கற்கட்டும், நன்றாகவே கற்கட்டும். ஓர் ஒலிக்கு ஓர் அடையாளம் உண்டென்ற உண்மையைத் தான் பேசும் மொழியில் ஒருமுறை கண்டுகொண்ட குழந்தைக்கு, இரண்டாவது மொழியின் எழுத்து எளிதில் வரும். பேசாத மொழியின் எழுத்தைப் பொருளறியாமல் வரையும் குழந்தை இரண்டையும் இழக்கும்.

ஆகவே நமது வேண்டுகோள் இது. கடலூர் மாநகராட்சியும் சிதம்பரம் நகராட்சியும் ஜில்லாவின் பஞ்சாயத்துக்களும், தங்கள் எல்லையிலுள்ள ஒவ்வொரு அங்கன்வாடிக்கும் மணல் தட்டும் எழுத்தட்டைகளும் செய்து கொடுக்கத் தீர்மானிக்கவேண்டும். உள்ளூர்த் தச்சருக்கும் குயவருக்கும் அது வேலையுமாகும். எழுத்துக்கென்றே தனி ஊழியர் ஒருவரை ஒவ்வோர் அங்கன்வாடிக்கும் சர்க்கார் நியமிக்கவேண்டும். அண்ணாமலை சர்வகலாசாலையில் உபாத்தியாயப் பயிற்சி பெறுவோர் அருகிலுள்ள அங்கன்வாடிகளில் சில வாரங்களேனும் பணி செய்யவேண்டும். கூட்டங்களில் மொழியைப் பற்றி முழங்கும் தொண்டர்கள், அடுத்த விஜயதசமிக்குள் தங்கள் தெருவிலுள்ள அங்கன்வாடிக்குச் சென்று, அங்கே எத்தனை குழந்தைகள், என்ன கருவி, என்ன குறை என்று நேரில் கண்டு, ஸ்தல ஸ்தாபனத்துக்கு எழுதவேண்டும். சட்டசபைக்கும் பார்லிமெண்டுக்கும் செல்லும் நமது பிரதிநிதிகளிடம், 11-ஆவது பிரிவிலுள்ள ‘லாம்’ என்பதை ‘வேண்டும்’ என்று திருத்துவீர்களா என்று கேட்டுப் பதில் வாங்கவேண்டும். ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருபவர்களிடம் அந்த வீட்டுக் குழந்தைக்காக இதைக் கேட்காவிட்டால் வேறு எதைக் கேட்கப் போகிறோம்? ஒரு தட்டு மணலும் சிறிது பொறுமையும் உள்ள எவரும் இன்றே தொடங்கலாம். நமது நேயர்கள் தொடங்குவார்களென்று நம்புகிறோம்.