ஆலப்புழைக் கால்வாய்க் கரையில்

பழம்பெருமை வாய்ந்த ஊர்களைக் காணச் செல்வோர் ஊர்தியில் அமர்ந்தவாறே பிறர் சுட்டியதைக் கண்டு மாலைக்குள் மீள்வது இக்கால வழக்கமாயிற்று. ஆலப்புழைக்குச் செல்வோர்க்கு இஃது இன்னும் எளிது. புன்னமடைக் காயலில் வீட்டுப்படகுகள் வரிசையாய்க் காத்து நிற்கின்றன. ஏறி அமர்ந்தால் தென்னையும் வயலும் தாமே கண்முன் வரும். ஊர் மட்டும் முதுகுப்புறத்தே நின்றுவிடும். அவ்வூரைக் காண விழைவோர் முதற்கண் அதன் கால்வாய்க் கரையிலே நடத்தல் வேண்டுமென்பது எம் கருத்து.

சென்ற விடுமுறையில் யாம் நால்வர் அங்ஙனம் நடந்தோம். எம்முள் ஒருவர் இதற்கு எளிதில் இசைந்தாரல்லர். "படகுக்கென வெட்டிய கால்வாயைப் படகிலிருந்தன்றோ காணல் வேண்டும்?" என்று வாதித்தார். வினா தக்கதே. ஆயினும் அக்கால்வாய்கள் காட்சிக்காக வெட்டப்பட்டனவல்ல. சரக்கு செல்வதற்கென வெட்டப்பட்டவை.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், திருவிதாங்கூரில் பணியாற்றிய இராஜா கேசவதாசர் ஆலப்புழையைத் துறைமுக நகராக வளர்த்தார். வாடைக் கால்வாய், வணிகக் கால்வாய் என்னும் இரண்டும் கிழக்கே வேம்பநாட்டுக் காயலையும் மேற்கே கடற்கரையையும் இணைத்தன. மலைநாட்டு மிளகும் இஞ்சியும் ஆறுகளின் வழியே காயலை அடைந்து, கால்வாய் வழியே கரைப் பண்டகசாலைகளுக்கு வந்தன. இயற்கைத் துறைமுகம் இல்லாத இவ்வெளிக் கடலில் கப்பல்கள் நின்றது எங்ஙனம்? மழைக்காலத்தே கடலடியிலுள்ள மென்சேறு கலங்கி எழுந்து அலைகளின் வேகத்தைத் தணித்துவிடும். அயற்கடல் கொந்தளிக்கும்போதும் ஈண்டு நீர் அடங்கிக் கிடக்கும். அவ்வூரார் இதனைச் சாகரை என்பர். படகுத்துறையினின்று கடற்கரை வரை ஏறத்தாழ ஒரு மணி நேரம் நடப்பவன், மிளகு மூட்டை சென்ற வழியே தானும் செல்கின்றான். காயல், கால்வாய், பண்டகசாலை, கடல் என அவ்வூரின் அமைப்பு முழுதும் அவனுக்கு ஒரே நேர்கோட்டில் விளங்கிவிடும்.

கோடியிலே கடலினுள் இரும்புத் தூண்கள் துருவேறி நிற்கின்றன. 1862இல் கட்டப்பெற்ற கடற்பாலத்தின் எச்சம் அது. கலங்கரை விளக்கமும் அவ்வாண்டினதே. அதற்கு மூன்றாண்டு முன்னர், 1859இல், ஜேம்ஸ் டாரா என்பவர் கயிற்றுத் தொழிற்சாலை நிறுவினார். சர்ச் மிஷனெரி சங்கத்தைச் சார்ந்த தாமஸ் நார்ட்டன் ஐயர் 1816இலேயே இவ்வூருக்கு வந்தார். இங்ஙனம் கடவுட்பணியும் வாணிபமும் ஒரே நீர்க்கரையில் வளர்ந்தன. பின்னர்க் கொச்சித் துறைமுகம் வளர, கப்பல்கள் அங்கே திரும்பின, லாரி வந்தது, கால்வாய்க்கு வேலை அற்றது.

இன்று மக்கள் வாடகைக்கு அமர்த்தும் வீட்டுப்படகும் பண்டு நெல் சுமந்த கெட்டுவள்ளமே. 'கெட்டு' என்பது நம் 'கட்டு'. ஆணியின்றிப் பலகைகளைக் கயிற்றால் கட்டித் தைத்தமையின் இப்பெயர். தமிழ் பயில்வார்க்கு 'புழை' என்னும் சொல்லும் இனிக்கும். மலையாளத்தில் ஆற்றைக் குறிக்கும் அது தமிழில் துளையையும் சிறுவழியையும் குறிக்கும். நிற்க.

நடந்தமையால் இனிமையல்லாதனவும் கண்டோம். ஆகாயத்தாமரை நீரை மூடிக் கிடக்கின்றது. வீட்டுக் கழிவும் கலக்கின்றது. சிற்சில இடங்களில் மூக்கைப் பொத்தாமல் நிற்றல் அரிது. தூர்வாருதல் அவ்வப்போது நடைபெறினும் அழுக்கு மீண்டும் சேர்கின்றது. வாதித்த நண்பர், "கிழக்கின் வெனிசு என்பது இதுதானோ?" என்று நகைத்தார். அப்பெயரே எமக்கு உவப்பன்று. வெனிசு கடற்கழியிடைத் தீவுகளின்மேல் எழுந்த நகர். அங்கே கால்வாய்களே தெருக்கள். ஆலப்புழைக் கால்வாய்களோ சரக்கு வழிகள். அவற்றின் இரு கரையிலும் சாலைகள் ஓடுகின்றன. இரவல் பெயரைச் சூட்டின், கால்வாயைத் தூய்மை செய்வதும் விருந்தினர் கண்ணுக்காகவே என்றாகிவிடும். அக்கரையில் சமைத்து உண்டு உறங்குவோர் ஆயிரக்கணக்கினர். காயலில் மிதப்பவரை அந்நாற்றம் எட்டாது; அவர்களை நாள்தோறும் எட்டுகின்றது. தூய்மை முதலில் அவர்கட்கு உரியது.

நம் கல்லூரிச் சுற்றுலாக் குழுவினர் அடுத்த முறை ஆலப்புழைக்குச் செல்வராயின், ஒரு காலைப்பொழுதை இந்நடைக்கு ஒதுக்குவாராக. படகேற வேண்டுமென்பார்க்கும் வழியுண்டு. ஊர்ப் படகுத்துறையினின்று அரசினரின் பயணப்படகுகள் கால்வாய் வழியே காயலுக்குச் செல்கின்றன. கட்டணம் சொற்பம், பள்ளிப் பிள்ளைகளும் காய்கறிக் கூடைகளும் உடன் வரும். எம் நண்பரும் மாலையில் அதில்தான் ஏறினார்.