வராத வெள்ளத்துக்குக் கிளம்புவது

2017 ஜனவரி 13 அன்று இங்கிலாந்தின் எஸெக்ஸ் கடற்கரையில் உள்ள ஜேவிக் என்ற ஊரில் போலீஸும் ராணுவமும் வீடு வீடாகக் கதவைத் தட்டின. வடகடலில் புயல், ஓதம் ஏறும் நேரத்தில் கடல் கரைச்சுவரைத் தாண்டிவிடலாம் என்று சொல்லி, ஏறத்தாழ 2,500 பேரைக் கிளம்பச் சொன்னார்கள். சிலர் போனார்கள், சிலர் நகரமாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். காற்றின் உச்சமும் ஓதத்தின் உச்சமும் ஒன்றுசேரவில்லை, கடல் உள்ளே வரவில்லை. ‘இதற்கா இவ்வளவு அமர்க்களம்?’ என்ற முணுமுணுப்பு எழுவது இயல்புதான். ஆனால் ஜேவிக் போன்ற பழைய விடுமுறைக் குடில் ஊர்களுக்கும், அதே கரை நெடுகப் பரவிக்கிடக்கும் கேரவன் பூங்காக்களுக்கும் தப்பிக்க, முன்கூட்டியே கிளம்புவதைத் தவிர வேறு வழி கிடையாது என்பதே என் கட்சி. தண்ணீரைக் கண்ணால் பார்த்த பிறகு அங்கே ஒருவர் பிழைத்தால், அவருக்கு நல்ல நேரம் என்றுதான் சொல்ல வேண்டும்.

கேரவனுக்கு மாடி இல்லை. வெள்ளம் வந்தால் மேலே ஏறிக்கொள் என்று சாதாரண வீட்டுக்காரருக்குச் சொல்லும் புத்திமதி இங்கே செல்லாது. சக்கரத்தின் மேலும் முட்டுகளின் மேலும் நிற்கும் இலேசான பெட்டி அது. தண்ணீர் தளத்தைத் தொட்டுச் சற்று ஏறினாலே மிதக்கத் தொடங்கும், பக்கத்துக் கேரவனில் போய் மோதும். வெளியே வைத்திருக்கும் கேஸ் சிலிண்டர்கள் குழாயைப் பிய்த்துக்கொண்டு போகும். இலேசான கட்டடத்தைக் கடல் என்ன செய்யும் என்பதற்கு 1953 ஜனவரி 31 இரவு, வடகடல் பெருவெள்ளத்தில், ஹன்ஸ்டன்டன் என்ற கடற்கரை ஊரில் நடந்ததே போதும். அங்கிருந்து கிங்ஸ் லின்னுக்குப் புறப்பட்ட மாலை ரயில், தண்டவாளத்தின் மேல் மிதந்து வந்த ஒரு வீட்டின் மீது மோதி நின்றது. அந்த ஊரின் கடற்கரைச் சாலையில் இருந்தவை பெரும்பாலும் ஒற்றைத்தள விடுமுறை வீடுகள். 31 பேர் இறந்தார்கள். நீச்சல் தெரியாத அமெரிக்க விமானப்படை வீரர் ரீஸ் லெமிங் ரப்பர் படகைத் தள்ளிக்கொண்டு போய் 27 பேரைக் காப்பாற்றினார். அவருக்குப் பதக்கம் கொடுத்தது நியாயமே. ஆனால் அந்த வீரத்துக்குத் தேவை ஏற்பட்டதே, அந்த 27 பேருக்கும் முன்கூட்டி யாரும் எதுவும் சொல்லாததால்தான்.

அந்த இரவின் கணக்கில் என்னை அதிகம் உறுத்துவது நேரம். புயலோடு எழும்பிய கடல்மட்டம் வடகடலின் மேற்குக் கரையோரமாகத் தெற்கு நோக்கி மெல்ல நகர்ந்தது. தெற்கே போகப்போக அந்தக் கடல் குறுகி, ஆழமும் குறைகிறது. ஆகவே நீர் இன்னும் மேலே ஏறியது. லிங்கன்ஷயர் கரை மாலை ஏழு மணி வாக்கில் உடைந்தது. ஜேவிக்கையும் கேன்வி தீவையும் தண்ணீர் எட்டியது நள்ளிரவுக்குப் பிறகு. இடையில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் இருந்தது. ஒரு ஊரையே நடத்திக் கூட்டிப்போக அது போதும். ஆனால் சனிக்கிழமை இரவு, அறுந்த தொலைபேசிக் கம்பிகள், யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடே இல்லாத நிர்வாகம். ஜேவிக்கில் 30-க்கும் மேற்பட்டோரும் கேன்வியில் 58 பேரும் இறந்தார்கள். ஜேவிக்கில் தண்ணீர் கடல் பக்கமிருந்து வரவில்லை. செயின்ட் ஓசித் சதுப்பு நிலத்துக் கரை உடைந்து முதுகுப்புறமாக வந்தது. கடலைப் பார்த்துக்கொண்டு விழித்திருந்தவருக்கும் அது தெரிந்திருக்காது. இப்படிப்பட்ட இடங்கள் பெரும்பாலும் பழைய சதுப்பு. நடுவில் பள்ளம், வெளியே போக ஒன்றிரண்டு சாலைகள். வேகமாக ஓடும் தண்ணீர் ஒரு அடி உயரம் இருந்தாலே சிறிய காரை இழுத்துவிடும். அந்தச் சாலை காய்ந்திருக்கும்போதுதான் அது சாலை.

சுவரை உயர்த்திக் கட்டினால் போதாதா என்று கேட்கலாம். சுவர் வேண்டும்; 1953-க்குப் பிறகு கட்டியவை பல உயிர்களைக் காத்திருக்கின்றன. ஆனால் சுவர் இருக்கிற தைரியத்தில்தான் அதன் பின்னால் இருக்கும் பள்ளம் நிரம்புகிறது. வேல்ஸின் வடகரையில் கேரவன்களும் ஒற்றைத்தள வீடுகளும் நெருங்கிக் கிடக்கும் டவின் ஊரில், 1990 பிப்ரவரி 26 அன்று ரயில்பாதையைக் காத்த கடற்சுவர் நானூறு மீட்டருக்கு மேல் உடைந்தது. ஏறத்தாழ 2,800 கட்டடங்களுக்குள் தண்ணீர் புகுந்தது. சுமார் 5,000 பேர் இடம்பெயர்ந்தார்கள். நடந்தது பகலில், அதுவும் சீசன் இல்லாத மாதத்தில். இதே உடைப்பு ஆகஸ்ட் மாத நள்ளிரவில் நேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இன்னும் வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. இரண்டு முறை வீணாகக் கிளப்பினால் மூன்றாம் முறை யாரும் அசையமாட்டார்கள் என்பது. இதில் உண்மை இருக்கிறது. ஜேவிக்கில் நகர மறுத்தவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. முதுமை, நோய், நாய், பூனை, போக்கிடம் இல்லாமை என ஒவ்வொருவருக்கும் காரணம் இருக்கும். ஆனால் இதற்கு விடை எச்சரிக்கையைக் குறைப்பதா, கிளம்புவதன் சிரமத்தைக் குறைப்பதா? வாசலில் பேருந்து நின்று, போய்ச் சேருமிடத்தில் கட்டிலும் மருந்தும் இருந்து, நாயையும் சேர்த்துக்கொண்டால், வீணாய்ப் போன ஓர் இரவு அவ்வளவு கசக்காது. 2013 டிசம்பர் 5 அன்று பல இடங்களில் கடல் 1953-இன் மட்டத்தைத் தொட்டது, சில இடங்களில் மிஞ்சியது. இங்கிலாந்தில் 2,800 அளவில் வீடுகள் நனைந்தன. ஆனால் 1953-இல் 300-க்கும் மேற்பட்டோரை விழுங்கிய அதே கரையில் இம்முறை சாவுக்கணக்கு எழவில்லை. சுவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. மீதிப் பங்கு, தண்ணீர் வருவதற்கு முன்பே ஆயிரக்கணக்கானோரை நகர்த்தியதற்கு.

இங்கிலாந்தின் திட்ட விதிகளே இதை ஒப்புக்கொள்கின்றன. நிரந்தரமாகக் குடியிருக்கும் கேரவன்களை மிக எளிதில் பாதிக்கப்படும் வகையில் வைத்து, வெள்ள ஆபத்து அதிகமான இடத்தில் கூடாது என்கின்றன. விடுமுறைக் கேரவன்களை, எச்சரிக்கைக்கும் வெளியேற்றத்துக்கும் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு பரிசீலிக்கின்றன. 1987 ஜூலையில் பிரான்ஸின் லெ கிராண்ட்-போர்னாண்டில் மலையாற்று வெள்ளம் கூடார முகாமில் புகுந்து 23 பேரைக் கொன்ற பிறகு, அந்த நாடும் ஆபத்தான இடத்து முகாம்களுக்கு எச்சரிக்கை, வெளியேற்றம் குறித்த பாதுகாப்பு ஏடு வைத்திருக்கக் கட்டளையிட்டது. ஏட்டில் எழுதுவது எளிது. சிக்கல், ஏட்டில் இல்லாத ஆட்களிடம். குளிர்காலத்தில் மூட வேண்டிய பூங்காக்களில், வேறு வீடு இல்லாததால் ஆண்டு முழுக்கத் தங்கிவிடுகிறவர்கள் உண்டு. முகவரி என்று சொல்லிக்கொள்ள முடியாததால் அவர்கள் பெயரைச் சொல்லத் தயங்குவார்கள். வாடகை வாங்குபவரும் சொல்லமாட்டார். பெரும்புயல் வரும் மாதங்களும் அதே குளிர்கால மாதங்கள்தான். தங்குபவர் யார் என்று வெள்ளப் பொறுப்பாளர்களிடம் மட்டும் சொல்லலாம், அதை வைத்து யாரையும் காலி செய்யச் சொல்லக்கூடாது என்று ஓர் உறுதி கொடுத்தால், போலீஸ்காரர் தட்ட வேண்டிய கதவு எது என்பதாவது தெரியும்.